வெர்னிட்டாவின் புனல்

வெர்னிட்டா பிளெட்ஸோவிடம் நான் வாங்கிய முதல் திட்டு ஒரு தக்காளி சாத டப்பாவுக்காக. என் மகள் நுஹா அப்போது ஒன்றாம் வகுப்பு. டப்பாவை மேசைமேலேயே வைத்துவிட்டுப் பள்ளிப் பேருந்தில் ஏறிவிட்டாள். நான் நைட்டிக்கு மேல் கணவர் ஆகிபின் குளிர்கால ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தலையில் துப்பட்டாவை எப்படியோ சுற்றிக்கொண்டு, தெருமுனைக்கு ஓடினேன். கதவு மூடிக்கொண்டிருந்தது. மண்ணடியில் பல்லவன் பஸ் பிடித்துப் படித்தவள் இல்லையா, யோசிக்காமல் ஒரு காலை உள்ளே விட்டேன்.

ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், அந்தக் காலு உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

"லஞ்ச் பாக்ஸ்..." என்றேன்.

"பாக்ஸை என்கிட்ட குடுங்க. காலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அவர் பேசியது கிழக்கு டெக்சஸ் ஆங்கிலம். எனக்குக் காதில் விழுந்தது இப்படித்தான்.

டெக்சஸின் காப்பெல் நகரில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் வசித்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். நல்ல உயரம், கறுத்த தேகம், குட்டையாக வெட்டிய நரைமுடி, வருடம் முழுவதும் கறுப்புக் கண்ணாடி. பிள்ளைகளின் பெயர்களைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்வார். இனியனை 'ஆனியன்' என்று கூப்பிட்டார். அவன் அம்மா கயல் புகார் எழுதத் தயாரானார். அவனோ அந்தப் பெயரைத் தன் பையில் மார்க்கரால் எழுதி வைத்துக்கொண்டான், புகார் அதோடு போயிற்று. எங்கள் வாட்ஸாப் குழுவில் வெர்னிட்டாவுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'மிலிட்டரி'. அவர் உண்மையிலேயே மிலிட்டரியில் இருந்தவர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து, அவருடைய வலது முழங்காலின் வழியாக. நான் இர்விங் நகரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வெர்னிட்டா ஓய்வு பெற்று, முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒரு நாள் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"கதவுல காலை விட்ட பொண்ணுதானே நீ? பாத்தியா, இப்ப என் காலு உன் கையில."

முழங்காலை மடக்கப் பழக்குவது ஒரு கொடுமையான வேலை. வலி தெரியாமலிருக்க நோயாளியைப் பேசவிடுவது எங்கள் தொழிலில் பாதி. பலரைக் கெஞ்சிப் பேசவைக்க வேண்டியிருக்கும். வெர்னிட்டாவை நிறுத்துவதுதான் கஷ்டம்.

முட்டி எதனால் இப்படித் தேய்ந்தது என்று கேட்டேன். "பஸ்ஸால இல்லை. லாரியில இருந்து குதிச்சுக் குதிச்சு" என்றார். "சவுதியில. போர்ல."

அவர் பிறந்தது லூசியானா எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அம்மா ஓஸெல்லா ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை செய்தவர். அந்த ஓஸெல்லாவும் ராணுவத்தில் இருந்தவர்தான். இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடம் கறுப்பினப் பெண்கள் மட்டுமே இருந்த ஒரு படைப்பிரிவோடு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார். அங்கே சிப்பாய்களுக்கு வந்து சேராமல் மலைபோல் குவிந்து கிடந்த தபால்களை, கணப்பு இல்லாத கிடங்குகளில் உட்கார்ந்து பிரித்து அனுப்புகிற வேலை. திரும்பி வந்தபோது அந்த அனுபவத்தை மதித்து ஊரில் ஒரு தபால் நிலையமும் வேலை கொடுக்கவில்லை. படுக்கை விரிப்பு துவைக்கப் போனார். போரைப் பற்றி ஓஸெல்லா வீட்டில் வாயே திறந்ததில்லை. அவர் கொண்டுவந்த ஒரு தொப்பியும், முடியை நேராக்குவதற்கு அடுப்பில் சுடவைக்கும் ஓர் இரும்புச் சீப்பும் மட்டும் வீட்டில் இருந்தன. கேட்டால், "அந்தச் சீப்பாலதான் எங்க அறையில இருந்த எல்லாருக்கும் தலை வாரினேன்" என்பார். அத்தோடு சரி.

"அம்மா வழியில நாட்டுக்குச் சேவை செய்யணும்னுதான் நீங்களும் சேர்ந்தீங்களா?" என்று நான் உருகிப்போய்க் கேட்டேன்.

"ஆள் சேர்க்கிற ஆபீஸ்ல ஏசி இருந்துச்சு" என்றார் வெர்னிட்டா. "ஆகஸ்ட் மாசம். நான் கோழி வெட்டுற தொழிற்சாலையில இருந்து நடந்து வந்துட்டிருந்தேன். சர்ச்ல பெரிய மனுஷன் ஒருத்தரோட பையனுக்கு என்னைப் பேசி முடிச்சிருந்தாங்க. அவன் மூச்சு விட்டாலே எனக்குத் தூக்கம் வரும். சும்மா குளிர்காத்து வாங்கலாம்னு உள்ள போனேன். வெளிய வரும்போது ராணுவத்துல இருந்தேன்."

ராணுவத்தில் அவருக்குக் கனரக லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். சதாம் குவைத்துக்குள் புகுந்தபோது அவருக்கு முப்பது வயது. சார்ஜென்ட். அவருடைய போக்குவரத்துப் பிரிவைச் சவுதிக்கு அனுப்பினார்கள். பெண்கள் கார் ஓட்டவே அனுமதி இல்லாத நாட்டில் இவர் டீசல் டேங்கர் ஓட்டினார்.

"எங்க வாப்பா அப்ப சவுதியில, அல்கோபர்ல இருந்தாங்க" என்றேன். "ஸ்பேர் பார்ட்ஸ் கடையில. அமெரிக்கப் பொண்ணுங்க லாரி ஓட்டிட்டுப் போனா கடைக்காரங்க எல்லாரும் வெளிய வந்து நின்னு பாப்பாங்களாம்."

"கையாட்டினவன் யாராச்சும் இருந்தா உங்க அப்பாவா இருக்கும். மத்தவன் எல்லாம் கார்ல பின்னாடி உட்கார்ந்திருக்கற பொண்டாட்டி கண்ணுல நான் படாம மறைச்சுக்கிட்டு நின்னானுங்க."

பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

லாரிகள் வரிசையாகப் போகும். வெட்டவெளியில் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. ஒண்ணுக்கு வந்தால் ஆண்களுக்குக் கவலையில்லை. ஒரு காலி பாட்டில் போதும். பெண்களுக்கு? அவர்களின் லெஃப்டினென்ட் கல்லூரியிலிருந்து அப்படியே பொட்டலம் கட்டி அனுப்பப்பட்ட பிள்ளை. பெண் ஓட்டுநர்கள் அவரிடம் போய்ப் பிரச்சினையைச் சொன்னபோது காது சிவந்துபோய், "கம்மியா தண்ணி குடிங்களேன்" என்றார். பாலைவனத்தில்.

பெண்கள் அப்படியே செய்தார்கள். ஷரோண்டா என்ற இளம் ஓட்டுநர் ஒரு நாள் முழுக்கத் தொண்டையை நனைக்காமல் ஓட்டி, ஸ்டியரிங்கிலேயே மயங்கிவிட்டார். டேங்கர் சாலையை விட்டு இறங்கி மணலில் புதைந்து நின்றது. உள்ளே ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல். மணல் மட்டும் கொஞ்சம் இறுகலாக இருந்திருந்தால் வண்டி உருண்டிருக்கும்.

"அன்னிக்கு எனக்கு வந்த கோபம் சதாம் மேல இல்லை" என்றார் வெர்னிட்டா.

ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கத்தியால் சாய்வாக வெட்டினார். மேல்பாதி ஒரு புனல் ஆயிற்று. வெட்டிய ஓரத்தை லைட்டரில் காட்டி மழுக்கி, அதன்மேல் ராணுவப் பச்சை டேப்பைச் சுற்றினார். முதல் மாதிரி சரியில்லை. இரண்டாவதன் விளைவுகளை அவர் எனக்கு விவரித்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. மூன்றாவது வேலை செய்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் எழும்பி, வண்டியை நிறுத்தாமல், பக்கத்தில் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, காரியம் முடிந்துவிடும். பிரிவிலிருந்த எல்லாப் பெண்களுக்கும் செய்து கொடுத்தார். விஷயம் பரவி, மற்றப் பிரிவுப் பெண்களும் காலி பாட்டிலோடு வந்து நின்றார்கள். அதன்பிறகு யாரும் மயங்கவில்லை.

போர் முடிந்ததும் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். எதற்காக என்று அந்த லெஃப்டினென்ட்தான் எழுத வேண்டியிருந்தது. பாவம், எத்தனை காகிதம் கிழித்தாரோ. கடைசியில், 'களச் சூழலில் வீரர்களின் நீர்ச்சத்தைப் பேணுவதற்கான புத்தாக்க நடவடிக்கை' என்று எழுதியிருந்தார். அணிவகுப்பில் ஜெனரல் அதை உரக்கப் படித்துவிட்டு, "அருமை சார்ஜென்ட், அது என்ன நடவடிக்கை?" என்று கேட்டாராம். லெஃப்டினென்ட் வானத்தைப் பார்த்தாராம்.

நான் சிரித்த சிரிப்பில் அவர் காலைத் தவறவிட்டேன். முழங்கால் அன்றைய இலக்கைத் தாண்டி மடங்கியது. அவர் விட்ட அலறலுக்கு மேனேஜர் ஓடி வந்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் பக்கத்து ஊர் வரலாற்றுச் சங்கம் ஒன்று, முன்னாள் படைவீரர் நாளான வெட்டரன்ஸ் டேக்காக ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தது. போரில் பணியாற்றிய பெண்கள் பத்திரப்படுத்தி வைத்த பொருள்கள். அதன் பொறுப்பாளர் மிஸஸ் ஹோல்கம், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எந்தக் காற்றிலும் ஓர் இழை கலையாத வெள்ளை முடி. தங்கமான மனுஷி. ஆனால் 'கண்ணியம்' என்ற சொல்லை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் தூவுவார். அம்மா, மகள் என்று இரண்டு தலைமுறையும் ராணுவத்தில் இருந்த கறுப்பினக் குடும்பம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தானே வெர்னிட்டாவுக்கு ஃபோன் செய்து, நடு மண்டபத்தில் ஒரு முழுக் கண்ணாடிப் பேழையை அவருக்கு ஒதுக்கினார்.

வெர்னிட்டா இன்னும் கார் ஓட்ட ஆரம்பிக்கவில்லை. நான் கூட்டிப்போவதாகச் சொன்னேன். அந்தச் சமயம் சென்னையிலிருந்து வாப்பா வந்து எங்களோடு தங்கியிருந்தார். வீட்டில் தனியாக உட்கார்ந்து டிவியைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாமே என்று அவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன். அவர் முன்சீட். வெர்னிட்டா காலை நீட்டிக்கொண்டு பின்சீட். மடியில் ஒரு நீல பிஸ்கட் டின், உலகம் முழுவதும் எல்லா வீட்டிலும் ஊசிநூல் போட்டு வைக்கிற அதே டின்.

இருவருக்கும் பொது மொழி எது என்று நான் கவலைப்பட்டது வீண். வாப்பா திரும்பி, "சிஸ்டர், யூ அல்கோபர்? நைன்டி?" என்றார்.

"அல்கோபர்! யெஸ்! ஷவர்மா நம்பர் ஒன்!" என்றார் வெர்னிட்டா.

"ஹீட், சிஸ்டர். ட்டூ மச் ஹீட்."

"மாஃபி மோயா!" என்றார் வெர்னிட்டா. தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

வாப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஃப்ரீவே முழுக்க அவர்கள் வளைகுடாவில் கூலிக்காரர்களும் கடைக்காரர்களும் பேசும் அந்த உடைந்த அரபியிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசித் தீர்த்தார்கள். நான் வெறும் டிரைவர்.

மிஸஸ் ஹோல்கம் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு காத்திருந்தார். வெர்னிட்டா டின்னைத் திறந்தார். முதலில் ஓஸெல்லாவின் தொப்பி வந்தது. "ஓ" என்றார் ஹோல்கம். அடுத்து இரும்புச் சீப்பு. மரப்பிடி கருகி, பல்லில் இரண்டு வளைந்திருந்தது. யாருடையது என்று தெரிந்ததும் ஹோல்கமின் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு கண்ணியம்" என்றார். பிறகு பதக்கம். அதையும் இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினார்.

கடைசியாகப் புனல். மஞ்சளேறிய பிளாஸ்டிக், ஓரத்தில் பச்சை டேப்.

"இது... எரிபொருள் ஊற்றவா?" என்றார் ஹோல்கம், அதைக் கையில் பிடித்தபடி.

"ஊத்தத்தான்" என்றார் வெர்னிட்டா. "ஆனா டீசல் இல்லை." விளக்கமும் சொன்னார். மறைவே இல்லாமல், நான்கே வார்த்தையில்.

கையுறை போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. ஹோல்கம் அதைத் துணிமேல் வைத்தார். வைத்த விதம், தூங்குகிற பாம்பை வைப்பது போல.

வாப்பாவுக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. "என்னம்மா அது?" என்றார் என்னிடம். உடம்பிலுள்ள எல்லாத் தசையின் பெயரையும் தயங்காமல் சொல்லும் எனக்கு, பெற்ற தகப்பனிடம் இதற்கு வாய் வரவில்லை. "வண்டியில போகும்போது... பொம்பளைங்க... அவசரத்துக்கு..." என்று இழுத்தேன். வாப்பா புனலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஓரத்துல டேப்பு சுத்தியிருக்கு பாரு. புத்தியுள்ள புள்ள" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"மிஸ் பிளெட்ஸோ" என்றார் ஹோல்கம் மென்மையாக. "மற்ற மூன்றும் அற்புதம். இது மட்டும்... குழந்தைகள் வருவார்கள்."

"குழந்தைங்க ஒண்ணுக்குப் போறதில்லையா? இருபது வருஷத்துக்கு மேல ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன். நிறையவே போவாங்க. சில சமயம் என் சீட்டுக்குப் பின்னாடியே."

"பதக்கம் ஒன்றே போதுமே. உங்கள் சேவையின் கண்ணியம்..."

"அந்தப் பதக்கமே இதுக்குத்தாங்க குடுத்தாங்க. பதக்கத்தை வச்சுட்டு இதை மறைச்சா, நான் என்னமோ பீரங்கியைப் பிடிச்ச மாதிரி இருக்கும்."

ஹோல்கம் அசையவில்லை. வெர்னிட்டாவும் அசையவில்லை. சீப்பு, தொப்பி, பதக்கம், புனல் நான்கும் டின்னுக்குள் திரும்பிப் போயின. மூடி 'டப்' என்று மூடியது. நாங்கள் காருக்குத் திரும்பினோம்.

கார் ஃப்ரீவேயில் ஏறியது. நான்தான் ஆரம்பித்தேன். "மிஸ் வெர்னிட்டா, அம்மாவோட பொருளையாவது வச்சிருக்கலாமே. புனலுக்காக அவங்களையும் சேர்த்துத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டீங்களே."

"அம்மாவுக்காகத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

போரிலிருந்து திரும்பி வந்த வாரம் வெர்னிட்டா தன் அம்மா வீட்டில் தங்கியிருந்தார். ஓஸெல்லாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பதக்கத்தைக் காட்டியதும், எதற்கு என்று கேட்டார். வெர்னிட்டா பையிலிருந்து புனலை எடுத்து வைத்து, லெஃப்டினென்ட், ஜெனரல் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஓஸெல்லா சிரிக்க ஆரம்பித்தார். பட்டாணி தரையெல்லாம் சிதறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம், வாழ்நாளில் முதல்முறையாக, தன் போர்க்காலத்தைப் பற்றிப் பேசினார்.

பயிற்சி முடிந்து கப்பலேற ரயிலில் போகிறார்களாம். தெற்கே ஏதோ ஸ்டேஷன். ரயில் நெடுநேரம் நின்றது. ஸ்டேஷனில் பெண்கள் கழிப்பறை இருந்தது, வெள்ளைக்காரப் பெண்களுக்கு. கறுப்பினப் பெண்களுக்கு என்று ஒன்று இருந்தது, அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லையாம். ராணுவ உடுப்பு, பளபளக்கிற பித்தளைப் பொத்தான், தலையில் அந்தத் தொப்பி. அந்தக் கோலத்தில் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். நீண்ட ராணுவக் கோட்டுகளைக் கழற்றி விரித்துப் பிடித்துக்கொண்டு வட்டமாக நின்றார்கள். ஒவ்வொருத்தராக வட்டத்துக்கு நடுவே போய் வந்தார்கள். ஓஸெல்லா முறை வந்தபோது காற்றடித்து ஒரு கோட்டு விலகியது. பிளாட்பாரத்தில் நின்ற சில ஆண்கள் கைதட்டினார்கள்.

"அம்மா அதைச் சொல்லும்போதும் சிரிச்சுட்டுதான் இருந்தா" என்றார் வெர்னிட்டா. "அந்தக் கொட்டகை, அந்தக் கைதட்டல், எல்லாத்தையும் மனசுக்குள்ளயே பூட்டி வச்சிருந்திருக்கா. கேக்கறவங்களுக்கெல்லாம் சீப்பு, சீப்புன்னு மட்டும் சொல்லிட்டு. நான் அந்தப் பிளாஸ்டிக்கை மேசையில வைக்கலைன்னா எனக்கும் சொல்லியிருக்க மாட்டா. அடுத்த வருஷமே போயிட்டா. இப்ப சொல்லு, எதை எடுத்துட்டு எதை வைக்கறது?"

வாப்பா என்னிடம் கேட்டுக் கேட்டு முழுவதையும் தெரிந்துகொண்டார். தமிழில் சொல்லும்போது நான் இழுக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "கைதட்டினானுங்களா" என்றார்.

மறுநாள் மதிய இடைவேளையில் மிஸஸ் ஹோல்கமைப் பார்க்கப் போனேன். வெர்னிட்டா போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கதையை அப்படியே சொன்னேன். ஹோல்கம் நடுவில் ஒருமுறை கூடக் 'கண்ணியம்' என்று சொல்லவில்லை. முடிந்ததும் எழுந்து போய்க் காலியாக இருந்த பேழையின் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது.

"பெயர் அட்டையில் என்ன எழுதுவது?" என்றார்.

அடுத்த ஒரு வாரம் இரு நாடுகளுக்கு இடையே ஓடுகிற தூதரைப் போல நான் ஓடினேன். ஹோல்கமின் முதல் முன்மொழிவு: 'பயண உபகரணம்'. வெர்னிட்டா ஃபோனிலேயே குறட்டை விட்டுக் காட்டினார். இரண்டாவது: 'இயற்கை உபாதைக்கான தனிநபர் சாதனம்'. "உபாதை இயற்கைகிட்ட இருந்து வரலைன்னு அந்தம்மாகிட்ட சொல்லு" என்றார். "லெஃப்டினென்ட்கிட்ட இருந்து வந்துச்சு." பதிலுக்கு வெர்னிட்டா அனுப்பிய வாசகத்தை ஹோல்கமுக்கு என்னால் வாசித்துக்காட்டக்கூட முடியவில்லை. குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு ஃபோனை அணைத்து வைத்தேன்.

கடைசியில் ஒப்பந்தமானது இதுதான்: 'ஒண்ணுக்குப் போக உதவிய புனல். தண்ணீர் பாட்டில், டேப். செய்தவர் சார்ஜென்ட் வெர்னிட்டா பிளெட்ஸோ, சவுதி அரேபியா. பக்கத்திலுள்ள பதக்கம் இதற்காக.' கீழே, தொப்பிக்கும் சீப்புக்கும் நடுவில், ரயில் நிலையக் கதை. அதை ஹோல்கமே எழுதினார். கைதட்டலை அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.

திறப்பு நாளில் கூட்டம் நடு மண்டபத்தில்தான். எங்கள் தமிழ்ச் சங்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள், எங்கள் மிலிட்டரியாயிற்றே. கல்லூரிக்குப் போய்விட்ட இனியன் வந்து, "ஹாய் மிஸ் பிளெட்ஸோ, இட்ஸ் ஆனியன்" என்று கட்டிக்கொண்டான். சங்கச் செயலாளர் நெடுஞ்செழியன் ஒரு பொன்னாடையோடு வந்திருந்தார். அதைப் போர்த்திவிட்டு, பேழையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "புனல்னா சங்கத் தமிழ்ல ஆறு, வெள்ளம்னு பொருள்" என்று ஆங்கிலத்தில் விளக்கினார்.

"நாள் பூரா அடக்கி வச்சா ஆறுதான் வரும், மிஸ்டர்" என்றார் வெர்னிட்டா, பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டு.

பிற்பகலில் ராணுவச் சீருடையில் ஓர் இளம் பெண் வந்தாள். அட்டையைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். "எங்களுக்கு இப்ப இதை ராணுவ ஸ்டோர்லயே தர்றாங்க மேம். ஆனா ஓரம் சரியில்லை, குத்துது." வெர்னிட்டா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். முட்டியை மறந்துவிட்டார். ஓரத்தை எப்படி மழுக்குவது, டேப்பை எந்தப் பக்கத்திலிருந்து சுற்றுவது, எந்தக் கோணத்தில் உட்காருவது என்று நின்ற இடத்திலேயே செய்முறை விளக்கம் நடந்தது. ஒரு சர்ச் குழு வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. ஹோல்கம் ஓடி வந்தார், தடுக்க இல்லை. பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி பேசச் சொல்ல.

கூட்டம் குறைந்த பிறகு வாப்பாவும் வெர்னிட்டாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பி கொண்டு போனபோது சிரிப்புச் சத்தம் இல்லை. அந்தப் போரின் கடைசி வாரத்தில், அல்கோபரை ஒட்டிய தஹ்ரானில் சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டடத்தில் ஏவுகணை விழுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாப்பாவின் கடைக் கண்ணாடி அதிர்ந்து விரிசல் விட்டதாம். வெர்னிட்டா அன்று வடக்கே, சாலையில் இருந்தார்.

"அந்தக் கட்டடத்துல இருந்து ஒரு பொண்ணு, அதுக்குச் சில நாள் முன்னாடி என்கிட்ட வந்து ஒரு புனல் கேட்டா" என்றார் என்னிடம். "செஞ்சு குடுத்தேன். தேங்க் யூ சார்ஜென்ட்னா. அன்னிக்கு அவ உள்ள இருந்தாளா, வெளிய இருந்தாளான்னு தெரியாது. செத்தவங்க பேரெல்லாம் அப்புறம் பேப்பர்ல வந்துச்சு. ஆனா நான் அவ பேரையே கேட்டுக்கலை."

வாப்பா காப்பியை வாங்கி முதலில் அவரிடம் கொடுத்தார். இருவரும் குடித்து முடித்தார்கள். பிறகு வாப்பா மெல்ல, அந்த ஷவர்மா கடை கடற்கரைப் பக்கமா, மார்க்கெட் பக்கமா என்று கேட்டார். வெர்னிட்டா மார்க்கெட் என்றார். வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நான் வண்டியை எடுத்து வரும்வரை சண்டை ஓடியது.

கண்காட்சி ஒரு மாதத்தில் முடிவதாக இருந்தது, முடியவில்லை. புனலைப் பார்த்துவிட்டுப் போன பெண்கள் திரும்பி வந்தார்கள். அதுவரை பதக்கமும் மடித்த கொடியும் மட்டும் கொடுத்திருந்தவர்கள், இப்போது உண்மையில் வைத்துக்கொண்டிருந்ததைக் கொண்டுவந்தார்கள். வியட்நாமில் நர்ஸாக இருந்த ஒருவர், தோழிகள் எல்லாரும் முறைவைத்துப் போட்டுக்கொண்ட ஒரே ஒரு லிப்ஸ்டிக்கின் காலிக் குழாயைக் கொண்டுவந்தார். இன்னொருவர் கர்னல் வீட்டுத் திரைச்சீலையில் தைத்த உள்பாவாடை. ஈராக்கில் இருந்த ஒரு பெண், தன் பிரிவு முழுக்கத் தேடிய கேப்டனின் பொய்ப்பல் செட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்படி வந்தது என்று சொல்ல மறுத்துவிட்டார்.

வெர்னிட்டா தன் நான்கு பொருளையும் வரலாற்றுச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை: நான்கும் எப்போதும் ஒரே பேழையில் இருக்க வேண்டும், ஒன்றைக்கூடப் பிரிக்கக் கூடாது. ஹோல்கம் கையெழுத்துப் போட்டார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் வெர்னிட்டா அங்கே பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையில் இருக்கிறார். போன வாரம் ஒரு பள்ளிக் குழு வந்தபோது நானும் அங்கிருந்தேன். கடைசியில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கி, போர் என்றால் பயமாக இருக்காதா என்று கேட்டாள்.

"இருக்கும்" என்றார் வெர்னிட்டா. "பயத்துல முதல்ல என்ன வரும்னு உனக்கே தெரியும். அதுக்கு வழி பண்ணாம யாராச்சும் உன்னைப் போருக்கு அனுப்பினா, போகாதே."

ஆசிரியை வேகமாக அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.